சாரல் மாதத்துச் சண்டை

ஈஸ்வரி ஜன்னலைத் திறந்தாள். நான் சாத்தினேன். அவள் மறுபடி திறந்தாள்.

மேற்குப் பக்கத்து ஜன்னல். திறந்தால் சாரல் நேராக என் முகத்தில் அடிக்கும். சாத்தினால் வகுப்பு முழுக்கப் புழுங்கும். ஈரத் தலைகள், தேங்காய் எண்ணெய், காயாத பாவாடைகள், யாரோ பைக்குள் வைத்திருக்கும் புளிச்சாதம் எல்லாம் சேர்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் ஒரு வாடை. பகல் நேரத்திலேயே டியூப் லைட் எரிந்தது. அதுவும் நிம்மதியாக எரியாமல் கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

கணக்கு டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். நமத்துப்போன சாக்பீஸ் வழுக்கியதே தவிர எழுத்து விழவில்லை. அவர் இன்னொரு சாக்பீஸ் எடுத்தார். அதுவும் எழுதவில்லை.

"அங்க என்ன சத்தம்?"

"டீச்சர், இவ ஜன்னலத் தொறக்குறா."

"டீச்சர், இவ சாத்துறா."

வகுப்பு சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. நெற்றியில் தைலம் தேய்த்திருந்தார், அதன் நெடி எங்கள் பெஞ்ச் வரை வந்தது. "ரெண்டு பேரும் எந்திரிச்சு நில்லுங்க" என்றார்.

மணி அடிக்கும்வரை நின்றோம். பக்கத்தில் பக்கத்தில், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல்.

மேலே மழை, கீழே சாரல்

இந்தத் தொடரில் போன வாரம் வந்த சைக்கிள் பழகிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்கள் ஊரில் மழையே பெய்யாதா? எல்லாம் வெயிலிலேயே நடக்கிறதே?" பெய்யும். ஆனால் எங்கள் ஊர் மழையைச் சொல்ல வேண்டுமென்றால் மலையைச் சொல்ல வேண்டும்.

கம்பத்தில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்த இடத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. பள்ளிக்கூடம் திறக்கிற ஆனி மாதத்தில் அங்கே மழை பிடித்துக்கொள்ளும். அவர்களுக்குக் கொட்டுகிற மழை மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது சாரலாகிவிடும். குடை பிடித்தால் காற்று குடையைத் திருப்பிப் போடும். பிடிக்காவிட்டால் சட்டை நனைந்துவிடும். பெய்து தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. காற்று நின்ற நேரங்களில் ஒரே புழுக்கம். பிடரியில் சட்டை ஒட்டிக்கொள்ளும்.

அங்கே மழை என்று பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுவார்கள். எங்களுக்குக் கிடையாது. சாரலுக்கு யார் லீவு விடுவார்கள்?

இந்த மாதங்களில் ஊரில் எல்லோருக்கும் மூக்கு நுனியில் கோபம் இருக்கும். பெண்கள் குழாயடியில் காரணமில்லாமல் சண்டை போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அது இன்னும் மோசம். பிரேயர் மைதானத்தில் கிடையாது, வராந்தாவில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். விளையாட்டுப் பீரியடு என்று அட்டவணையில் இருக்கும், குடையும் கையுமாகக் கணக்கு டீச்சர் வந்து அதை எடுத்துக்கொள்வார். சத்துணவுக் கூடத்தில் ஈர விறகு எரியாமல் புகைந்து, சாம்பாரில் புகை வாசம் அடிக்கும். ஓடக் கூடாது, வெளியே போகக் கூடாது, நனையக் கூடாது. காலை முதல் மாலை வரை ஒரே அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்கள் வேறு என்ன செய்வார்கள்? பின்னலைப் பிடித்து இழுப்பார்கள். பென்சிலால் குத்துவார்கள். பேசாமல் இருப்பார்கள்.

காயாத பாவாடை

என்னிடம் இரண்டு செட் யூனிபாரம் இருந்தது. ஒன்று கொடியில், ஒன்று உடம்பில். கொடியில் இருப்பது மூன்று நாளானாலும் காயாது. காலையில் அம்மா அதை அடுப்புக்கு மேலே பிடித்துக் காட்டுவாள். பாதி சூடாகவும் பாதி ஈரமாகவும் அதை இடுப்பில் கட்டும்போது வருகிற எரிச்சலை இன்றைக்கும் உடம்பு மறக்கவில்லை. முதல் பீரியடு முடிவதற்குள் தொடை அரிக்கும். சொறிந்தால் டீச்சர் பார்ப்பார். சொறியாமல் இருக்க முடியாது.

ஈஸ்வரியிடம் ஒரே செட்தான். இரவு துவைத்துப் பிழிந்து, பாய்க்கு அடியில் விரித்து அதன்மேல் படுத்துக்கொள்வாள். "காஞ்சிருமா?" என்று கேட்டேன் ஒருநாள். "காயாது. மடிப்பு நல்லா விழும்" என்றாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்ச். இந்தக் கதை நடந்தபோது ஒன்பதாவது. வருஷம் சரியாக நினைவில்லை. செல்போன் வராத காலம், எங்கள் தெருவுக்கே ஒரு எஸ்.டி.டி. பூத்தான்.

பச்சை ஜீப்

எங்கப்பா ஜீப் டிரைவர். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களை விடியுமுன் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறுவார். சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். இன்றைக்கும் அந்த ஜீப்புகள் ஓடுகின்றன. உள்ளே உட்கார்ந்தவர்கள், அவர்கள் மடியில் உட்கார்ந்தவர்கள் போக, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு.

அந்தப் பச்சை ஜீப் எங்கள் சொந்த வண்டி. வைப்பர் வேலை செய்யாது. மழைக்காலத்தில் அப்பா பீடியைப் பிரித்து, புகையிலையை ஈரக் கண்ணாடியில் தேய்ப்பார். தண்ணீர் தங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும் என்பார். மற்ற மாதங்களில் சிரித்துப் பேசுகிற மனுஷன். சாரல் பிடித்துவிட்டால் வாயே திறக்க மாட்டார். சாப்பிடும்போதும் மேற்கே பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஏதாவது கேட்டால் வள்ளென்று விழுவார்.

ஈஸ்வரியின் அம்மா பேச்சியம்மா அந்த ஜீப்பில்தான் வேலைக்குப் போனாள். புருஷன் இல்லை. ஏலக்காய் பறித்துப் பறித்து நகக்கண்ணெல்லாம் கறுத்திருக்கும். எங்கப்பாவை "அண்ணே" என்பாள். அப்பா அவளைப் "பேச்சி" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

இதுதான் ஜன்னல் விஷயம். அந்த ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மேகம் விலகுகிற நேரத்தில் பாதையில் ஒரு துண்டும் தெரியும். ஜீப்புகள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம். எங்கள் வகுப்பில் ஈஸ்வரி மட்டுமல்ல, பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்ப்பதில்லை. பார்த்தால் பச்சை ஜீப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். அதனால் சாத்தினேன்.

வாய்ச்சண்டை

நின்ற தண்டனை முடிந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தது.

"எதுக்குடி திரும்பத் திரும்பத் தொறக்குற? நோட்டு பூரா நனையுது."

"ரோட்டப் பாக்கணும்."

"பாத்து என்ன செய்யப் போற?"

"எங்கம்மா பின்னால கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்குது. உள்ள எடம் இருந்தாத்தான? ஆட்ட அடைக்கிற மாதிரி அடைக்கிறாரு உங்கப்பா."

அப்பாவைச் சொன்னதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. "அம்புட்டுக் கஷ்டமா இருந்தா உங்கம்மாவ எறங்கி நடக்கச் சொல்லு" என்றேன்.

ஈஸ்வரி விருட்டென்று எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அன்று இரவு அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசிப் பீரியடு

மறுநாள் சாரல் இல்லை, மழை. ஓடு வழியே சொட்டியது. மத்தியானத்துக்கு மேல் கரண்டு போய்விட்டது. இருட்டில் புத்தகம் தெரியவில்லை. டீச்சர் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். மழைச் சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. பெஞ்சுகள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன.

கடைசிப் பீரியடில் ஒரு மொபெட் கேட்டருகே வந்து நின்றது. வந்தவர் வாட்ச்மேனிடம் ஏதோ சொன்னார். வாட்ச்மேன் ஆபீஸ் ரூமுக்கு ஓடினார். அந்தச் செய்தி எப்படி வகுப்பு வகுப்பாகப் பரவியது என்று தெரியாது. எங்களிடம் வந்தபோது இப்படி இருந்தது: "மெட்டு ரோட்டுல ஜீப்பு கவுந்துருச்சாம். பச்சை ஜீப்பாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஈஸ்வரியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும். சிலர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். தலைமையாசிரியை வராந்தாவில் நின்று, "மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. கேட்டச் சாத்துங்க" என்று கத்தினார்.

கணக்கு டீச்சர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மழைக்கு ஏங்குகிற ஊரில் பிறந்தவர், இந்த மழையைப் பார்த்து ஏன் இந்தப் பிள்ளைகள் இப்படி முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. கையைத் தட்டினார். "அழாதீங்க. யார் யார் வீட்ல மலைக்குப் போயிருக்காங்க? கையத் தூக்குங்க."

பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போனார். தலைமையாசிரியையிடம் அவர் என்ன பேசினார் என்பது கேட்கவில்லை, குரல் உயர்ந்தது மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் குடை இருந்தது.

"செருப்பு போட்டுக்கிட்டு வாங்க. ஜோடி ஜோடியா. கையப் புடிச்சுக்கணும். நானும் வர்றேன்."

யாருக்கு யார் ஜோடி என்று யோசிக்க நேரமில்லை. ஈஸ்வரி வந்து என் கையைப் பிடித்தாள்.

மெட்டு ரோட்டு முக்கில்

மலைக்குப் போகிற ஜீப்புகள் ஆளை ஏற்றி இறக்குகிற முக்கு அது. நாங்கள் போனபோது ஊரில் பாதி அங்கே இருந்தது. எங்கம்மாவும் வந்திருந்தாள், தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்ததும் இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"பச்சை வண்டி உங்கப்பாவுது மட்டுமாடி? எத்தனையோ பச்சை வண்டி ஓடுது" என்று ஈஸ்வரி சொன்னாள். சொல்லும்போது அவளுக்குப் பல் கிட்டித்தது. பச்சை வண்டியில்தான் அவள் அம்மாவும் இருந்தாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

கணக்கு டீச்சரின் குடை காற்றில் திரும்பிக்கொண்டது. அவர் அதை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களோடு நனைந்தார். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கூட்டம் முன்னால் நகர்ந்தது. பால் வண்டி வந்தது. வெறும் லாரி ஒன்று வந்தது. லாரி டிரைவர், "மண்ணு சரிஞ்சு கெடக்கு, அங்கன ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். நிற்க முடியவில்லை. சுற்றிச் சுற்றி வந்தோம், கையை விடாமல்.

பொழுது மங்குகிற நேரத்தில் ஒரு டிராக்டர் வந்தது. திராட்சைத் தோட்டத்து டிராக்டர். பின்னால் டிரெய்லரில் பெண்கள் நின்றிருந்தார்கள். தோட்டத்தில் மழைக்குப் போர்த்திக்கொள்கிற பாலிதீன் தாள்களைத் தலைக்குமேல் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து ஒரு கூரை போலச் செய்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு.

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஒவ்வொருத்தி இறங்கும்போதும் கூட்டத்தில் ஒரு பிள்ளை ஓடிப் போய்க் கட்டிக்கொண்டது. பேச்சியம்மா இறங்கவில்லை.

"எம்மா!" ஈஸ்வரி போட்ட சத்தத்தில் டிராக்டர்க்காரரே திரும்பிப் பார்த்தார்.

"கத்தாதடி, இங்கனதான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டிரெய்லர் பலகையைப் பிடித்து எட்டிப் பார்த்தோம். பேச்சியம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் எங்கப்பா தலை. அவர் கால் ஒன்று சேலைத் துணியால் மரக்கொம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கண் மூடியிருந்தது.

நான் அழவும் முடியாமல் நின்றேன். பேச்சியம்மா என்னைப் பார்த்தாள்.

"பயப்படாத ஆத்தா. உங்கப்பனுக்குக் காலுதான் போச்சு, வாய் நல்லாத்தான் இருக்கு. வழியெல்லாம் எங்களத் திட்டிக்கிட்டே வந்தாக."

அப்பா கண்ணைத் திறந்தார்.

மேலே நடந்தது

அன்றிரவும் அடுத்த நாட்களிலும் ஆளுக்கொரு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

மழை வலுத்ததால் தோட்டத்தில் மத்தியானத்தோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். ஜீப் இறங்க ஆரம்பித்தபோது எல்லோரும் நனைந்திருந்தார்கள். பேச்சியம்மா பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடியற்காலையிலிருந்து அவள் மனசில் ஒன்று கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் கேட்டுவிட்டாள்.

"ஏண்ணே, உங்க மக எம் மககிட்ட என்னைய எறங்கி நடக்கச் சொன்னாளாமே. நீங்கதான் சொல்லிக் குடுத்தீகளா?"

அப்பாவுக்கு முன்னால் பாதை தெரியவில்லை. மழை அடித்துக்கொண்டிருந்தது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார்.

"எப்ப பேசுறது? நின்னு நின்னு கை மரத்துப் போச்சு. எங்களப் பாத்தா ஆளாத் தெரியலையா?"

"புடிக்கலைன்னா எறங்கி நட. யாரு வேணாம்னா?"

"யோவ், நிறுத்துய்யா வண்டிய!"

அவர் கோபத்தில் நிறுத்தினார். அவள் கோபத்தில் இறங்கினாள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எல்லோரும் நனைந்த கோழிகளாக எரிச்சலில் இருந்த நேரம். "அவள எறக்கி விட்டுட்டு நாங்க மட்டும் வரணுமாக்கும்?" என்று இன்னொருத்தி இறங்கினாள். பிறகு அடுத்தவள். மடியில் உட்கார்ந்தவர்கள் இறங்கியதும் உட்கார்ந்தவர்களும் இறங்கினார்கள். கடைசியில் ஜீப்பில் அப்பா மட்டும் இருந்தார்.

"நடங்க எல்லாரும்!" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த வளைவில் பாதையின் ஓரம் அப்படியே கரைந்து சரிந்தது. ஜீப் பக்கவாட்டில் உருண்டு, கீழே ஒரு மரத்தில் போய் மோதி நின்றது.

பின்னால் நடந்து வந்தவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள். முதலில் பள்ளத்தில் இறங்கியவள் பேச்சியம்மா. சேற்றில் உட்கார்ந்து உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு போனாளாம். முன் சீட்டில் கால் மாட்டிக்கொண்டு கிடந்த அப்பாவை எல்லோரும் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். பாலிதீன் தாளை மடித்து அதில் படுக்கவைத்து, மூலைக்கு ஒருத்தியாகப் பிடித்து, ரோட்டுக்கு ஏற்றி, டிராக்டர் கிடைத்த மலையடிவாரம்வரை தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வலி தாங்காமல் அப்பா திட்டினார். அவர்களும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே நடந்தார்கள்.

ஜீப்பின் பின்பக்கம் மரத்தில் மோதி நசுங்கித் தட்டையாகிவிட்டது. அவர்கள் நின்றிருக்க வேண்டிய இடம் அது.

ஊரில் எல்லோரும், "பேச்சி கோவத்தாலதான் அம்புட்டுப் பேரும் பொழச்சாக" என்று பேசிக்கொண்டார்கள். சாமிக்கே நன்றி சொல்கிற மாதிரி அவளிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. அவளுக்கு அது பிடிக்கவில்லை. "அட, சும்மா இருங்க. ஈரச் சேல ஒடம்பெல்லாம் அரிச்சுச்சு. நிக்க முடியல. அதான் சண்டை போட்டேன்" என்பாள்.

ஆஸ்பத்திரியில்

அந்த ஜீப் பிறகு ஓடவில்லை. அப்பா ஊன்றுகோலை விட்டுவிட்டு நடக்க அடுத்த வருஷமாகிவிட்டது. அதற்கப்புறம் வேறொருவருடைய வண்டியை ஓட்டினார். அதில் பின்னால் யாரையும் நிற்க வைப்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டுதான் சாவியை வாங்கினார். ஈஸ்வரி என் பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். யார் முதலில் பேசினோம் என்பது நினைவில்லை.

நினைவில் இருப்பது, அப்பாவுக்குக் காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்த அரசாங்க ஆஸ்பத்திரியும், அங்கே பேச்சியம்மா வந்த மத்தியானமும்தான். வெளியே மழை விடவே இல்லை. வார்டு முழுக்க டெட்டாலும் ஈரத்துணியும் கலந்த வாசம். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மா தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டுவந்திருந்தாள். சேலை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா சங்கடப்பட்டாள். "உக்காரு பேச்சி" என்றாள்.

பேச்சியம்மா உட்காரவில்லை. "அண்ணனுக்கு இன்னும் கோவம் போகல போல" என்றாள். வாளியைத் தரையில் வைத்துவிட்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் முந்தானையைப் பிழிந்தாள்.

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். அப்பாவின் தோள் அசைந்ததைப் பார்த்தேன். வலியில் அசைகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"அம்புட்டுத் தூரம் நடந்தீகளே தங்கச்சி. காலு வலிக்கலையா?"

அதுவரை அவர் அவளை மரியாதை கொடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

"வலிக்காம?" என்றாள் பேச்சியம்மா. "சும்மாவா நடந்தோம்? உங்களையும்ல தூக்கிக்கிட்டு நடந்தோம். என்னா கனம்ணே நீங்க!"

அப்பா சிரித்துவிட்டார். சிரித்ததில் காலில் சுரீரென்று இழுத்திருக்க வேண்டும், கண்ணோரம் நீர் வழிந்தது. அம்மா விசிறியைக் கீழே வைத்துவிட்டு அதைத் துடைத்தாள். பேச்சியம்மா கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து என் அருகில் உட்கார்ந்து, வாளியைத் திறந்தாள்.